டிக்கெட்டும் வாங்கி, பாயும் போட்டோம்

காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. கடற்கரைக்குப் போகிற சாலையில் இருக்கும் பெரிய திடலில் நானும் பிலோமினா அக்காவும் ஒரு கோரைப் பாயை விரித்துக்கொண்டிருந்தோம். ஒரு முனை என் கையில், மறுமுனை அவர் கையில். நடுவில் கடற்காற்று புகுந்து பாயைக் குடை மாதிரித் தூக்கியது.

"புடிடி தனம், புடி! நம்மளை விட்டுட்டுப் பாய் மட்டும் கடலைப் பாக்கப் போயிரும் போலருக்கு!"

பிடித்து அமுக்கி, பையிலிருந்து நான்கு அரைச் செங்கல்லை எடுத்து மூலைக்கு ஒன்றாக வைத்தோம். செங்கல்லை வீட்டிலிருந்தே சுமந்து வந்திருந்தோம். வந்த இடத்தில் கல் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

தூரத்தில் மேடை. ஆட்கள் இரும்புச் சட்டத்தில் ஏறி விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேடைக்கு முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள். அதற்குப் பின்னால் சிவப்பு நாற்காலிகள். அதற்கும் பின்னால் ஓர் இரும்புத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் வெறும் புல்தரை. அதுதான் எங்கள் இடம். கச்சேரி சாயங்காலம்தான். நாற்காலி ஏற்றி வந்த லாரிக்காகக் கதவு திறந்திருந்தது; லாரிக்குப் பின்னாலேயே நாங்களும் நடந்து வந்துவிட்டோம். யாரும் கேட்கவில்லை.

அக்கா இடுப்பில் கையை வைத்துச் சுற்றிலும் பார்த்தார். அத்தனை பெரிய திடலில் எங்கள் பாய் ஒன்றுதான்.

"பாத்தியா? ஊரே தூங்குது. நாமதான் ஃபர்ஸ்ட்டு" என்றார்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பாய்க்கு இருந்த மரியாதை

இந்தப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது அம்பகரத்தூர். அம்மன் கோயில் திருவிழா வந்தால் நாடகமும் பாட்டுக் கச்சேரியும் நடக்கும். காலையிலேயே வீட்டுக்கு ஒரு பாய் மேடை முன்னால் போய்விடும். மூலைக்கு ஒரு கல். அவ்வளவுதான், அந்த இடம் அந்த வீட்டுக்குச் சொந்தம். காவல் வேண்டாம். ஆடு வந்து படுத்தால் ஆட்டை விரட்டுவார்களே தவிர, பாயை நகர்த்த மாட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுப் பாயாக இருந்தாலும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பார்கள்.

ஒரு வருஷம் ஏதோ பெரிய அதிகாரி நாடகம் பார்க்க வந்துவிட்டார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு விழாக்காரர்கள் மேடைக்கு முன்னால் இங்கும் அங்கும் அலைந்தார்கள். எங்கே வைப்பது? முழுக்கப் பாய். ஒரு பாயைச் சுருட்ட ஒருவருக்கும் கை வரவில்லை. கடைசியில் அவரை மேடையின் ஓரத்தில், ஆர்மோனியக்காரருக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பாவம், நாடகம் முழுக்க அவர் ஆர்மோனியக்காரரின் பிடரியைத்தான் பார்த்திருப்பார். ஆனாலும் கடைசி வரை இருந்து கைதட்டிவிட்டுப் போனார்.

அதெல்லாம் இலவசம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லையாம். அறுவடை முடிந்ததும் அப்பா தலைக்கட்டு வரி கொடுத்திருக்கிறார், எல்லா வீடும் கொடுத்திருக்கிறது. கூடுதலாகக் கொடுத்தவர் வீடும் உண்டு, குறைத்துக் கொடுத்தவர் வீடும் உண்டு. ஆனால் எல்லார் பாய்க்கும் ஒரே தரை. முதலில் வந்த பாய் முன்னால், பிந்தி வந்த பாய் பின்னால்.

தரை, பெஞ்சு, நாற்காலி

கொட்டகையில் படம் பார்க்கப் போனபோதுதான் டிக்கெட் என்ற ஒன்றையே கண்டேன். தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று இருந்தது. நாங்கள் எப்போதும் தரை. அப்பா நாலணாவைக் கையில் வைத்து மூடிவிடுவார்; கொட்டகை போய்ச் சேருகிறவரை விரலைப் பிரிக்கமாட்டேன். உள்ளே போனதும் மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்காருவோம். பின்னால் இருப்பவர் மறைக்கிறது என்று மேட்டை இடிப்பார். நாங்கள் திரும்பக் கட்டுவோம்.

இதில் ஒரு விஷயம். திரைக்குக் கிட்டே இருந்தது தரை டிக்கெட்தான். நாற்காலி கடைசியில். காசு குறையக் குறைய நாயகியின் முகம் பெரிதாகத் தெரிந்தது. இன்றைக்கு எல்லாம் தலைகீழ். கச்சேரியில் பாடுகிறவரின் முகம் தெரிய வேண்டுமானால் ஒரு பசுமாட்டுக் கன்றை விற்க வேண்டும்.

அக்காவின் வலது காது

பிலோமினா அக்காவை இந்தத் தொடர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கல்யாணமாகிக் காரைக்காலை ஒட்டிய தருமபுரத்துக்கு வந்த நாள் முதல் அவர் எங்கள் பக்கத்து வீடு. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். மாதா கோயில் திருவிழாவில் காலைப் பூசை முடிந்த கையோடு பாய் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தன் பாய்க்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு பாய் போட்டு வைப்பார்.

எனக்குக் கூச்சம் அதிகம். ஐந்தாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்குக் கடவுள் வாழ்த்துப் பாட மேடையில் நிறுத்தினார்கள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அதோடு படிப்பும் நின்றுவிட்டது, பாட்டும் நின்றுவிட்டது. அன்றிலிருந்து நான் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை. தெருவில் மீன்காரர் போனால், நான் கதவருகே நின்று அக்கா வீட்டைப் பார்ப்பேன். அவர் புரிந்துகொண்டு, "யோவ் மீனு! இஞ்ச வா!" என்று எனக்காகக் குரல் கொடுப்பார். தெருமுனைவரை கேட்கும். எழுதுவது எனக்குச் சுலபம். பேனாவுக்குத் தொண்டை கிடையாது.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பாடகி உண்டு. பெயர் வேண்டாம். அந்த அம்மா, அந்த அம்மா என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கடலுக்கு அந்தப் பக்கத்து ரேடியோ எங்கள் ஊரில் தெளிவாக எடுக்கும். மத்தியானம் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ரேடியோவை வைத்துவிட்டு, அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாக அரிசி புடைப்போம். அந்த அம்மா பாடியதில் ஒரு பாட்டு, மழை வருவதற்கு முன்னால் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிற ஒரு பெண் பாடுவது. பாட்டின் முதல் வரியைச் சொல்ல மாட்டோம். எங்களுக்கு அது 'துணி எடுக்கிற பாட்டு'.

அக்காவுக்கு இடது காது போய் ரொம்ப வருஷமாகிறது. போன மழைக்காலத்தில் வலது காதும் மங்க ஆரம்பித்தது. காது டாக்டர் ஒரு கருவி கொடுத்தார். அது கீச்சுக் கீச்சென்று கத்துகிறது என்று அக்கா அதைக் குங்குமச் சிமிழ் மாதிரி டப்பாவிலேயே வைத்திருக்கிறார். டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இருப்பது மெல்ல மெல்லக் குறையும். கேட்க ஆசைப்படுவதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா பேசவில்லை. அவர் பேசாமல் வந்தது எனக்கு டாக்டர் சொன்னதைவிடப் பயமாக இருந்தது. எங்கள் தெரு திரும்பும்போது சொன்னார்:

"அந்தம்மாவை ஒரே ஒரு தடவை நேர்ல கேட்டுட்டாப் போதும் தனம். அப்புறம் போவட்டும்."

சில மாதத்தில் ஊர் முழுக்கப் பேனர். அந்த அம்மா காரைக்காலுக்கே வருகிறார்!

யாருக்கு வசதி?

பேனருக்குக் கீழே டிக்கெட் விலை இல்லை. அதில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அக்காவின் மகள் மார்கரெட் பிரான்சில் இருக்கிறாள். அங்கிருந்தே போனில் பார்த்துச் சொன்னாள். மேடைக்கு முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய இடம் பதினைந்தாயிரம். அடுத்தது ஏழாயிரம். கடைசியில் சில்வர் என்று ஒன்று, ஆயிரத்து ஐந்நூறு. ஒரு வாரம் முன்னால் அதுவே ஆயிரமாக இருந்ததாம்.

என் வீட்டுக்காரர் காரைக்காலுக்கும் அம்பகரத்தூருக்கும் நடுவே ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் தொலைந்த நாட்களில் விரலை வாயில் வைத்தே விசில் அடித்து வண்டியை எடுக்க வைத்தவர் என்று அவருக்கு ஒரு பேர் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு அதை நான் கேட்டதில்லை. டிக்கெட் விஷயம் என்றால் மட்டும் அவருக்குத் தோளில் இன்னும் தோல்பை தொங்குகிற நினைப்பு வந்துவிடும்.

"ஒரு வாரத்துல ஐந்நூறு ஏறுமா? சந்தையில கத்திரிக்காகூட பொழுது சாஞ்சா விலை எறங்கும்!"

"இல்லீங்க மாமா, முன்னாடியே வாங்குறவங்களுக்குக் கம்மி. அதுக்கு மேல வசதிக் கட்டணம்னு ஒண்ணு இருக்கு" என்றாள் போனில் மார்கரெட்.

"என்ன வசதி?"

"போன்லயே வாங்குறோம்ல, அந்த வசதி."

"யாருக்கு வசதி? நான் கூட்டத்துல பூந்து, ஒருத்தன் காலையும் மிதிக்காம, சீட்டுக்கு சீட்டு போயி டிக்கெட்டு குடுத்தேன். எவனாவது எனக்கு வசதிக் கட்டணம் குடுத்தானா? நான் குடுத்த டிக்கெட்டுல நின்னுட்டு வந்தாலும் அதே காசு, உக்காந்துட்டு வந்தாலும் அதே காசு. கடைசில ஊரு வந்து சேரும். இதுல என்ன வந்து சேரும்?"

அக்கா அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாதி கேட்டிருக்கும், பாதி ஊகித்திருப்பார். பிறகு சொன்னார்:

"கண்டக்டரண்ணே, இந்தக் காது கேக்குற வரைக்கும்தான் எனக்குப் பஸ்ஸு நிக்கும். அப்புறம் எந்த டிக்கெட்டை வாங்கினாலும் ஏற முடியாது."

என் வீட்டுக்காரர், "என்னத்தையோ வாங்குங்க" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். வாசலில் நின்று, "நான் வரல. பீச்சுல உக்காந்தாலே கேக்கும். காத்துக்கு டிக்கெட்டு கெடயாது" என்றார்.

ஆயிரத்து ஐந்நூறில் இரண்டு வாங்கினோம். மார்கரெட் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அம்மா, அதுல சேர் கிடையாது. தெரியுதா? சேர் கிடையாது."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். நாற்காலி இல்லையென்றால் தரை டிக்கெட். தரை டிக்கெட் எங்களுக்குத் தெரியாததா? ஆனால் அக்காவின் காதுக்கு முன்னால் இடம் வேண்டும். முன்னால் இடம் வேண்டுமென்றால் காலையிலேயே பாய் போட வேண்டும். இதில் எங்களுக்குத் துளிகூட சந்தேகம் வரவில்லை.

கல் எதற்கு?

பாயில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் ஊறி வாழையிலையெல்லாம் மணத்தது. அப்போது நீலச் சீருடை போட்ட ஓர் அம்மா வேகமாக வந்தார். காவலுக்கு அன்றைக்கு மட்டும் எடுத்த ஆள். பெயர் வசந்தி, ஊர் பட்டினச்சேரி என்று பிறகு தெரிந்தது.

"யாரும்மா நீங்க? எப்படி உள்ள வந்தீங்க?"

"டிக்கெட்டு இருக்கு!" என்றார் அக்கா.

வசந்தி பாயைப் பார்த்தார். மூலையில் கல்லைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அய்யய்யோ, கல்லு! கல்லெல்லாம் எதுக்குக் கொண்டாந்தீங்க? கலாட்டா பண்ணவா?"

"பாய் பறக்காம இருக்கத்தான்" என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் ஒரு நிமிடம் எங்களையே பார்த்தார். அப்புறம் கல்லைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சீருடைத் தொப்பி நழுவுகிற அளவுக்குச் சிரித்தார்.

"எடம் போட்டிருக்கீங்களா! எங்க ஊருக் கோயில்லயும் இப்படித்தாம்மா. எங்கம்மா வலைத்துண்டை விரிச்சு எடம் போடும். ஆனா இஞ்ச அதெல்லாம் செல்லாதும்மா. இந்தப் பக்கம் சில்வரு. உக்காரவே விட மாட்டாங்க. நின்னுக்கிட்டேதான் பாக்கணும். பாயோ பையோ எதையும் உள்ள விடமாட்டாங்க."

"என்ன சொல்லுது?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

அவருடைய வலது காதருகில் குனிந்து சொன்னேன். ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தது நிற்பதற்குத்தான் என்று சொல்ல எனக்கே வாய் கூசியது.

அக்கா மேடையைப் பார்த்தார். எங்கள் இடத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு வயல் தூரம் இருக்கும். "இவ்வளவு தூரத்துல எனக்குக் கேக்காது தனம்" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. இட்லியை இலையில் வைத்து மூடினார்.

வசந்தி அதைக் கவனித்துவிட்டார். "சாப்புடுங்கம்மா. நாலு மணிக்கு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, அப்புறம்தான் டிக்கெட்டு பாத்து விடுவாங்க. அது வரைக்கும் இருந்துட்டுப் போங்க. யாராவது கேட்டா பந்தல்காரங்களுக்குச் சோறு கொண்டாந்தோம்னு சொல்லுங்க" என்றார்.

அப்படித்தான் நாங்கள் அங்கே தங்கினோம். பாடகியை நேரில் கேட்பதற்காக அல்ல. வெயில் தாழட்டும், வீட்டுக்குப் போகலாம் என்று.

பூப்போட்ட ஃபிளாஸ்க்

மத்தியானம் மேடையில் வாத்தியக்காரர்கள் வந்து ஒவ்வொன்றாகத் தட்டியும் ஊதியும் பார்த்தார்கள். நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். அப்போது சாதாரண நூல் புடவையில் ஒரு பெண்மணி, கையில் பூப்போட்ட ஃபிளாஸ்கோடு, படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேடை ஏறினார். ஏறி முடித்ததும் முழங்காலைத் தடவிக்கொண்டார். பக்கத்து வீட்டு அம்மா மாதிரி இருந்தார்.

மைக்கைப் பிடித்து, "ஹலோ" என்றார்.

ஒரே ஒரு ஹலோதான். என் கையில் முறம் இருப்பது போலவும், நடுச்சுவரில் ரேடியோ இருப்பது போலவும் ஆகிவிட்டது. அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அக்கா! அந்தம்மா!"

"எந்தம்மா?"

"அந்தம்மா!"

அக்கா எழுந்து உட்கார்ந்து கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். உதடு அசைவதுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். "பாடுறாங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா பாடிக்கொண்டுதான் இருந்தார். எனக்கு லேசாகக் கேட்டது. அக்காவுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

பாட்டைப் பாதியில் நிறுத்தி அந்த அம்மா யாரிடமோ, "பின்னாடி கேக்குதான்னு ஒரு ஆளை அனுப்பிப் பாக்கச் சொன்னேனே" என்றார். அப்புறம் எங்கள் பக்கம் பார்த்தார். திடலில் உட்கார்ந்திருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

"அதான் ரெண்டு பேர் பாய் போட்டு உக்காந்திருக்காங்களே, அவங்களையே கேக்கலாம். அம்மா! பின்னாடி இருக்கற அம்மா! கேக்குதா உங்களுக்கு?"

மேடையில் இருந்த அத்தனை பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். விளக்குக் கட்டியவர்களும் பார்த்தார்கள். பழக்க தோஷத்தில் நான் பிலோமினா அக்காவைப் பார்த்தேன். எனக்காகப் பேசுகிறவர் அவர்தானே. அவரோ என் முகத்தைப் பார்த்து, "என்னடி கேக்குறாங்க?" என்றார்.

வேறு யாரும் இல்லை.

எழுந்து நின்றேன். ஐந்தாம் வகுப்பு மேடை நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தேன்.

"கேக்கல!"

அது என் குரல்தான். எங்கோ பறந்துகொண்டிருந்த காக்கைகூட அந்தப் பக்கம் திரும்பியது போல இருந்தது.

"என்னம்மா? கேக்கலையா?"

"எனக்குக் கேக்குதும்மா! எங்க அக்காவுக்குக் கேக்கல! அவங்களுக்குக் காது சரியில்ல! உங்களைக் கேக்கத்தான் வந்தாங்க!"

இவ்வளவும் நான்தான் சொன்னேன். அப்புறம் மைக்கில் ஒரு சிரிப்புச் சத்தம்.

"அப்ப அங்க ஏன் உக்காந்திருக்கீங்க? முன்னாடி வாங்க!"

வசந்தி ஓடிவந்து இரும்புத் தடுப்பை இழுத்து வழிவிட்டார். நான் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அக்காவுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. நான் இழுத்த இழுப்புக்கு வந்தார். ஏழாயிரம் ரூபாய் நாற்காலியைத் தாண்டினோம். பதினைந்தாயிரம் ரூபாய் நாற்காலியையும் தாண்டினோம். அதற்கும் முன்னால், மேடையின் காலடியில், பெரிய ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்தோம். அந்த இடத்துக்கு எந்த போனிலும் டிக்கெட் கிடையாது.

"என்ன பாட்டு வேணும்?" என்றார் அந்த அம்மா. இப்போது மைக் இல்லாமலே கேட்டது.

"துணி எடுக்கிற பாட்டு" என்றேன்.

"எதும்மா?"

"மழை வர்றதுக்கு முந்தி ஓடிப்போயி துணி எடுக்குற பாட்டும்மா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதை யாரும் கேக்கறதே இல்லம்மா! எனக்கே வரி ஞாபகம் இருக்கான்னு தெரியலையே" என்றார். புல்லாங்குழல்காரரிடம் சுருதியைச் சொன்னார். ஆரம்பித்தார்.

அக்கா இரண்டு உள்ளங்கையையும் ஒலிப்பெட்டிமேல் வைத்து, வலது காதை அதன் பக்கம் சாய்த்திருந்தார். முதல் வரியில் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். இரண்டாவது வரியில் புருவம் ஏறியது. மூன்றாவது வரியில் என்னைத் திரும்பிப் பார்த்து, மூக்குத்தி மின்னச் சிரித்தார்.

"கேக்குதுடி! மழை வருதுடி!"

பல்லவி முடிந்து சரணத்துக்கு வந்தபோது அந்த அம்மா நின்றுவிட்டார். வரி மறந்துவிட்டது. கண்ணை மூடி யோசித்தார். வாத்தியங்கள் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அப்போது பிலோமினா அக்கா, மீன்காரரைக் கூப்பிடுகிற அதே குரலில், அடுத்த வரியை எடுத்துவிட்டார். சுருதி ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். தபேலாக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார். அந்த அம்மா, "அதேதான்! அதேதான்!" என்று கையைத் தட்டிவிட்டு, அங்கிருந்து பிடித்துக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினார். இரண்டு இடத்தில் அக்கா அவருக்கு முன்னாலேயே அடுத்த வரிக்குப் போய்விட்டார். "இருங்கம்மா, நானும் வர்றேன்" என்றார் அந்த அம்மா.

நானும் பாடினேன். உதடு மட்டும் அசைக்கவில்லை, சத்தமாகவே பாடினேன். யாருக்கும் கேட்டிருக்காது, அக்காவின் குரல் அப்படி.

மணிக்கட்டில் காகிதம்

சாயங்காலம் முறைப்படி வரிசையில் நின்று உள்ளே போனோம். பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் கட்டுவது போல மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டை ஒட்டினார்கள். பாயையும் கல்லையும் வசந்தி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார்.

சில்வரில் நெரிசல். எங்களுக்கு முன்னால் எல்லாரும் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். மேடை, எத்தனையோ சின்னச் சின்னத் திரைகளில் தெரிந்தது. அதே அம்மா இப்போது சரிகைப் புடவையில் எறும்பு அளவு இருந்தார். கூட்டம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற பெண் ஒவ்வொரு பாட்டுக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் ஆயிரத்து ஐந்நூறு கொடுத்திருப்பாள். எதை விட்டுக் கொடுத்து வந்தாளோ. வசந்தி எங்களைப் பார்த்தபடி, மேடைக்கு முதுகைக் காட்டி நின்றார். திரும்பிப் பார்க்கக்கூடாதாம், வேலை போய்விடுமாம். ஆனால் அவர் கால் பெருவிரல் செருப்புக்குள் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

சில பாட்டு முடிவதற்குள் அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "தனம், நமக்கு மத்தியானமே கச்சேரி ஆயிருச்சே. வா, எங்கயாவது உக்காரலாம்."

"வெளிய போனா திரும்ப விட மாட்டாங்கம்மா. ஆயிரத்தஞ்ஞூறு ரூபா!" என்று பதறினார் வசந்தி.

நான் அக்காவின் காதில் சொன்னேன். அக்கா வசந்தியின் கன்னத்தைத் தட்டினார்.

"அது உள்ள வர்றதுக்குத்தானே? வெளிய போறது ஃப்ரீதானே?"

வசந்தி பாயைக் கொடுத்தார். "கல்லை மட்டும் தரமாட்டேன்" என்று சிரித்தார்.

கடற்கரையில் என் வீட்டுக்காரர் தனியாக உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் இன்னும் இரண்டு பொட்டலம் வாங்கினார். மணலில் பாயை விரித்தோம். அரசலாறு கடலில் சேருகிற பக்கமிருந்து ஈரக் காற்று வந்தது. அதோடு, நான் எதிர்பார்க்காத அளவுக்குத் தெளிவாக, பாட்டும் வந்தது. மாங்காய்த் துண்டும் தேங்காயும் போட்ட சுண்டல், காரம் நாக்கில் ஏற ஏற நன்றாக இருந்தது.

மத்தியானம் நடந்ததை அக்கா அவரிடம் கையும் காலும் ஆட்டிச் சொன்னார். எல்லாவற்றையும் நம்பினார். ஒன்றை மட்டும் நம்பவில்லை.

"தனம் கத்துனாளா? பிலோமினாம்மா, வேற யாராவது கத்தியிருப்பாங்க. எனக்கு இவ சமையல்கட்டுலேருந்து குடுக்குற பதிலே காதுல விழுந்ததில்ல."

நான் சிரித்தேன். மேடையில் ஒரு பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓய்ந்ததும், அந்த அம்மாவின் குரல் திடல் மதிலைத் தாண்டி, சாலையைத் தாண்டி மணலுக்கு வந்தது.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்குதா?"

"என்னடி சொல்றாங்க?" என்றார் அக்கா.

"பின்னாடி கேக்குதான்னு கேக்குறாங்க அக்கா."

"கேட்டா பதில் சொல்ல வேணாமா? சொல்லு!"

பாயின்மேல் எழுந்து நின்றேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"கேக்குதும்மா! நல்லாக் கேக்குது!"

கடற்கரையில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் வாய்க்குக் கொண்டுபோன சுண்டலை அப்படியே பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பொட்டலத்தைக் கீழே வைத்தார். இரண்டு விரலை வாயில் வைத்தார். வருஷக்கணக்கில் அடிக்காத அந்த விசிலை, பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கிற மாதிரி நீளமாக அடித்தார்.

கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த பிலோமினா அக்கா சட்டென்று திரும்பினார்.

"ம், இது எனக்கே கேட்டுச்சு" என்றார்.